புற்றுநோய் ஆய்வகத்தில் முதல் மூன்று மாதம்: யாரிடம் எதைக் கேட்பது, எதை எப்படிச் செய்வது

புற்றுநோய் ஆய்வில் ஒரு முடிவு வெளிவருவதற்குள் அது பல கைகள் மாறிவிடும். அறுவை அரங்கிலிருந்து வரும் திசுவை நோயியல் மருத்துவர் பார்த்து, ஆய்வுக்கு உரிய பங்கைப் பிரித்துத் தருவார். ஒருவர் அதிலிருந்து செல்களை எடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், வேறொருவர் மருந்து கொடுப்பார், அடுத்தவர் கருவியில் ஓட்டுவார், கடைசியில் ஒருவர் கணக்குப் போடுவார். தவறு அதிகம் நுழைவது இந்தக் கைமாறும் இடங்களில்தான்: பெயர் எழுதாத குழாய், எத்தனையாவது பேசேஜ் (செல்லைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றிய தடவை) என்று தெரியாத ஃபிளாஸ்க், எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) என்று குறிக்காத ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டும் பொருள்). அதனால் புதிதாகச் சேருகிறவர் ஆட்களையும் வேலையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆட்கள்

ஆய்வகத்தின் தலைவரை முதன்மை ஆய்வாளர் என்பார்கள், பேச்சில் பிஐ. ஆய்வுக் கேள்வி, நிதி, அனுமதிகள், வெளியாகும் கட்டுரைக்கான பொறுப்பு எல்லாம் அவருடையது. அவரிடம் "அந்த ஆன்டிபாடி எந்தப் பெட்டியில் இருக்கிறது?" என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. அவரைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாள் எடுத்துச் செல்லுங்கள்: என்ன கேள்வி, என்ன செய்தேன், என்ன வந்தது, அடுத்து என்ன. வரைபடத்தோடு மூலத் தரவையும் கொண்டு போங்கள். வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) படத்திலிருந்து வெட்டி ஒட்டிய பட்டையை மட்டும் காட்டினால் "முழு பிளாட் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

போஸ்ட்டாக் எனப்படும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் ஒவ்வொரு திட்டத்தையும் நடத்துகிறவர்கள். ஒரு சோதனை ஏன் அந்த வரிசையில் செய்யப்படுகிறது, எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் முடிவை நம்பக்கூடாது என்பதை இவர்களிடம் கேளுங்கள். பிஎச்டி மாணவர்கள் அன்றாடம் பக்கத்து மேசையில் இருப்பவர்கள். சின்னச் சந்தேகத்துக்கு இவர்களே போதும். வந்து ஒரு வருடம் ஆன மாணவர்தான் புதியவருக்கு நல்ல ஆசிரியர். எங்கே தடுக்கும் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

லேப் மேனேஜர் கையில் பொருள் வாங்குவது, உரிமங்கள், ஃப்ரீசர் பட்டியல், பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் இருக்கும். ஒரு பொருள் தீரும் நிலைக்கு வந்தால் அவரிடம் சொல்லுங்கள். தீர்ந்த பிறகு சொன்னால் எல்லாருடைய வேலையும் நிற்கும். சீரம் (செல்லுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் ரத்த நீர்), ஆன்டிபாடி போன்றவை வர வாரக்கணக்கில் ஆகலாம்.

டெக்னீஷியனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் "செல்கள் டிரிப்சின் கொண்டு பிரிக்கப்பட்டன" என்று ஒரு வரி இருக்கும். டிரிப்சின் என்பது ஒட்டியிருக்கும் செல்களைப் பெயர்க்கும் நொதி. எத்தனை நிமிடம், ஃபிளாஸ்க்கை எப்படித் தட்டுவது, அந்தக் குறிப்பிட்ட செல் எப்போது கொத்துக்கொத்தாக நிற்கும் என்பதெல்லாம் டெக்னீஷியன் கையில்தான் இருக்கிறது. அவரிடம் கற்க நல்ல வழி மூன்று முறை: முதல்முறை அவர் செய்ய நீங்கள் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் செய்யுங்கள், மூன்றாம் முறை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். அதன் பிறகு தனியாகச் செய்யலாம். அவர் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பட்டம் குறைவு என்பதால் அவரை ஏவல் ஆளாக நடத்துகிற ஆய்வகங்களில் சோதனைகள் மறுமுறை வராமல் போவதில் வியப்பில்லை.

கண்ணாடிப் பொருள் கழுவி ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது) செய்பவரையும் தெரிந்துகொள்ளுங்கள். சோப்பு மிச்சம் ஒட்டியிருக்கும் பாட்டிலில் கரைசல் கலந்தால் செல் சாகும். காரணம் தேடி நீங்கள் வாரக்கணக்கில் அலைவீர்கள். எந்தப் பாட்டில் செல் வளர்ப்புக்கு மட்டும் என்று அவரோடு பேசி, தனி நிறப் பட்டை ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

எதையும் தொடும் முன்

மனிதச் செல்களையும் திசுவையும் கையாளப் போகிறீர்கள் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை உடனே தொடங்குங்கள். வழக்கமான அட்டவணையில் 0, 1, 6 ஆம் மாதங்களில் மூன்று ஊசி. கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதாவது சேர்ந்த நாளில் தொடங்கினாலும் முடிய அரை வருடத்துக்கு மேல் ஆகும்.

சொந்த ரத்தத்தையோ திசுவையோ எடுத்து வளர்க்கக் கூடாது என்ற விதி எங்கும் கண்டிப்பானது. மரபணு மாற்றிய உங்கள் செல் ஊசி குத்தி உங்கள் உடம்புக்குள்ளேயே திரும்பிப் போனால், உடலின் எதிர்ப்பு அமைப்பு அதை அந்நியமாகப் பார்க்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. வேறொருவர் செல் என்றால் பெரும்பாலும் உடல் அழித்துவிடும்.

கழிவில் ஒரு பொறி இருக்கிறது. செல் வளர்த்த மீடியாவில் (ஊட்டக் கரைசல்) பிளீச்சை 10-இல் 1 பங்காகக் கலந்து 30 நிமிடம் வைத்துவிட்டுக் கொட்டுவது வழக்கம். இதே பழக்கத்தில் ஆர்என்ஏ பிரித்தெடுத்த கரைசலிலும் பிளீச் ஊற்றிவிடுகிறார்கள். அந்தக் கரைசலில் குவானிடின் தயோசயனேட் இருக்கும். பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். அதற்குத் தனிக் குடுவை, தனிப் பெயர்ச்சீட்டு. பிளீச் கலந்த எதையும் ஆட்டோக்ளேவில் வைக்கவும் கூடாது.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. 1 லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு ஆகி, அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். காற்றோட்டம் இல்லாத அறையில் ஊற்றாதீர்கள். லிஃப்டில் அதனோடு சேர்ந்து பயணிக்காதீர்கள். திரவத்துக்குள் மூழ்கியிருந்த குப்பிக்குள் நைட்ரஜன் கசிந்திருந்தால், வெளியே எடுத்ததும் அது விரிந்து குப்பி வெடிக்கும். முகக்கவசத் தகடு இல்லாமல் குப்பி எடுக்கிற மூத்தவரைப் பார்த்துப் பழகாதீர்கள்.

செல் வளர்ப்பு: அடிப்படை வேலை

வருகிறவர் எல்லாருக்கும் முதலில் கிடைப்பது செல் வளர்ப்பு வேலை. சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. மற்ற எல்லாச் சோதனையும் இதன்மேல்தான் நிற்கிறது, ஆகவே இதைத்தான் அதிகக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

டி-75 ஃபிளாஸ்க் ஒன்றில் ஒட்டி வளரும் செல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கைகழுவி, கையுறை போட்டு, ஹூட்டை (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப்பெட்டி) ஓடவிட்டு 10, 15 நிமிடம் காத்திருங்கள். உள்ளே வைக்கும் ஒவ்வொன்றையும் 70 சதவீத எத்தனாலால் துடையுங்கள். கூடுதல் அடர்த்தி இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். புரதம் உருக்குலைய தண்ணீரும் வேண்டும், தூய எத்தனால் விரைவில் ஆவியாகி அரைகுறையாகவே கொல்லும். ஹூட்டின் முன்பக்கத் துளைத்தட்டின்மேல் நோட்டோ பிப்பெட்டோ வைக்காதீர்கள். காற்றுத்திரை அங்கேதான் உருவாகிறது. அடைத்தால் அறைக்காற்று நேராக உங்கள் ஃபிளாஸ்க்குக்குள் போகும்.

முதலில் ஃபிளாஸ்க்கை வெறும் கண்ணாலும் பிறகு மைக்ரோஸ்கோப்பிலும் பாருங்கள். மீடியா கலங்கியிருந்தால் பாக்டீரியா. கலங்காமல் மஞ்சளாகியிருந்தால் செல் அதிகம் பெருகி அமிலம் சேர்ந்திருக்கிறது. இளஞ்சிவப்பு ஊதாவாகச் சாய்ந்திருந்தால் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கலாம், சிலிண்டரைப் பாருங்கள். செல்கள் தரையில் 70, 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது பிரிப்பது சரியான நேரம். முழுக்க நிரம்பி நெருக்கியடித்த பிறகு பிரித்தால் அவற்றின் நடத்தையே மாறியிருக்கும்.

பழைய மீடியாவை உறிஞ்சி எடுங்கள். கால்சியம், மக்னீசியம் இல்லாத பிபிஎஸ் (செல்லுக்கு ஒத்த உப்புக் கரைசல்) 5 முதல் 10 மிலி ஊற்றி மெதுவாகச் சுழற்றி எடுங்கள். இந்தக் கழுவலை விட்டுவிட்டு "டிரிப்சின் வேலை செய்யவில்லை" என்று குறை சொல்கிறவர்கள் நிறைய. சீரத்தில் டிரிப்சினைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன, கால்சியமும் மக்னீசியமும் செல்களின் பிடிப்பைக் கெட்டியாக்குகின்றன. இரண்டையும் கழுவி நீக்கத்தான் இந்தப் படி. பிறகு டிரிப்சின்-ஈடிடிஏ 2 மிலி ஊற்றி 37 டிகிரியில் வையுங்கள். 2 முதல் 5 நிமிடம் போதும், ஆனால் கடிகாரத்தை நம்பாமல் நிமிடத்துக்கு ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். செல்கள் உருண்டு, விளிம்பு பளிச்சென்று தெரிந்து, ஃபிளாஸ்க்கைச் சாய்த்தால் வழுக்கி நகரும். அப்போது பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். உருளுவதற்கு முன்பே ஓங்கித் தட்டினால் தகடு தகடாகப் பெயர்ந்து கொத்தாகவே நிற்கும். அப்புறம் எண்ணவும் முடியாது, சமமாக விதைக்கவும் முடியாது. அதிக நேரம் விட்டாலும் கேடுதான்: செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் அறுபட்டு, அடுத்த நாள் அவற்றையே அளக்கப்போகிற உங்கள் சோதனை பொய் சொல்லும்.

சீரம் கலந்த மீடியா 8 மிலி சேர்த்து டிரிப்சினை நிறுத்துங்கள். மேலும் கீழுமாகச் சில முறை பிப்பெட் செய்து, குழாயில் எடுத்து, 200 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். நோட்டில் எழுதும்போது ஜி விசையைத்தான் எழுத வேண்டும். நிமிடச் சுற்று எண்ணை எழுதினால், ரோட்டர் அளவு வேறான இன்னொரு கருவியில் அதே எண் வேறு விசையைக் கொடுக்கும்.

எண்ணுவது எப்படி என்று ஒருமுறை கணக்காகவே பார்த்துவிடலாம். சுழற்றியபின் அடியில் தங்கிய செல்லைப் புது மீடியாவில் கலந்த செல் கரைசலையும், செத்த செல்லில் மட்டும் ஏறும் நீலச் சாயமான 0.4 சதவீத டிரிபன் ப்ளூவையும் சம அளவில் கலக்குகிறீர்கள். ஆகவே நீர்ப்பு 2. எண்ணும் கண்ணாடியின் நான்கு மூலைச் சதுரங்களிலும் சேர்த்து நீலம் ஏறாத செல்கள் 160. சராசரி 40. 40 பெருக்கல் 2 பெருக்கல் 10,000 (ஒரு சதுரத்தின் கணக்கை மிலிக்கு மாற்றும் எண்) என்றால் மிலிக்கு 8 லட்சம் செல். 96 வெல் (சிறு குழி) கொண்ட பிளேட்டில் வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டரில் 5,000 செல் வேண்டும், அதாவது மிலிக்கு 50,000. 16 மடங்கு நீர்க்க வேண்டும். 12 மிலி தயாரிக்க 0.75 மிலி செல் கரைசல், 11.25 மிலி மீடியா. பிளேட்டுக்கு 9.6 மிலிதான் தேவை என்றாலும் பிப்பெட்டில் வீணாவதற்காகக் கொஞ்சம் கூடுதல். விதைத்துக்கொண்டே இருக்கும்போது செல் அடியில் தங்கும்; ஒவ்வொரு வரிசைக்கும் முன் கரைசலை மெதுவாகக் கலக்காவிட்டால் கடைசி வரிசையில் எண்ணிக்கை மாறியிருக்கும்.

புது ஃபிளாஸ்க்கின் மேல் செல்லின் பெயர், பேசேஜ் எண், தேதி, பிரித்த விகிதம், உங்கள் முதலெழுத்து. ஐந்தும் வேண்டும். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும்.

இரண்டு பெரிய ஆபத்துகள்

முதலாவது, செல் மாறிப்போவது. 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருடைய சம்மதம் கேட்காமலே எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் மிக வேகமாகப் பெருகுபவை. மற்றச் செல்களின் ஃபிளாஸ்க்கில் ஒரு துளி விழுந்தால் போதும், சில வாரங்களில் ஹீலா மட்டுமே மிஞ்சும். வேறு வேறு திசுவின் செல்கள் என்று நம்பப்பட்ட பல செல் லைன்கள் (ஒரு மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) உண்மையில் ஹீலாவே என்று 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைனை வெகுகாலம் மார்பகப் புற்று என்று எண்ணி ஆய்ந்தார்கள். அது தோல் சார்ந்த மெலனோமா செல் என்று பின்னர் தெரிந்தது. ஆகவே ஹூட்டில் ஒரு நேரத்தில் ஒரே செல் லைன். ஒவ்வொன்றுக்கும் தனி மீடியா பாட்டில். ஒன்று முடிந்ததும் துடைத்துச் சில நிமிடம் விட்டு அடுத்தது. பக்கத்து ஆய்வகத்து நண்பர் அன்பாகக் கொடுத்த குப்பியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். எஸ்டிஆர் எனப்படும் டிஎன்ஏ அடையாளச் சோதனை செய்து, பதிவேட்டோடு ஒப்பிட்டபின் வேலையைத் தொடங்குங்கள். இந்தச் சோதனை அறிக்கையைக் கேட்கும் ஆய்விதழ்களும் இப்போது நிறைய.

இரண்டாவது, மைக்கோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய பாக்டீரியா. இது மீடியாவைக் கலக்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப் போகும். செல்சுவர் இல்லாத உயிரி என்பதால் மீடியாவில் நாம் வழக்கமாகப் போடும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. செல் சாகாது, ஆனால் வளரும் வேகமும் மரபணுக்களின் நடத்தையும் மாறிப்போகும். மாதம் ஒருமுறை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனை செய்யுங்கள். மாதிரியாக, ஆன்டிபயாட்டிக் இல்லாமல் இரண்டு மூன்று நாள் வளர்ந்து நிரம்பிய ஃபிளாஸ்க்கின் மீடியாவைக் கொடுங்கள்; அன்று காலை மாற்றிய புது மீடியாவைக் கொடுத்தால் இருப்பதும் தெரியாமல் போகும். வெளியிலிருந்து வந்த எந்தச் செல்லும் முடிவு வரும்வரை தனி இன்குபேட்டரில் இருக்க வேண்டும். உங்கள் ஃபிளாஸ்க்கில் மைக்கோபிளாஸ்மா கண்டால் அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லுங்கள். மறைத்தால் முழு இன்குபேட்டரும் போகும். சொல்பவரைத் திட்டாத ஆய்வகமே சுத்தமாக இருக்கும் என்பதைப் பிஐக்களும் நினைவில் வைக்க வேண்டும்.

நல்ல செல் கையில் வந்தவுடன், சோதனைக்கு முன்பே, சேமிப்புக்கு உறைய வையுங்கள். மிலிக்கு 10 முதல் 20 லட்சம் செல், 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் கரைப்பான்), மீதி சீரம் அல்லது மீடியா. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் வைத்து மைனஸ் 80-இல் ஓரிரவு, பிறகு நைட்ரஜன் தொட்டிக்கு. மைனஸ் 80-இலேயே மாதக்கணக்கில் மறந்துவிட்டால் உயிரோடு வருவது குறையும். உருக்கும்போது இதற்கு நேர்மாறு: 37 டிகிரி நீரில் ஓரிரு நிமிடத்தில், சிறு பனித்துண்டு மிச்சமிருக்கும்போதே எடுத்து மீடியாவில் சேர்க்க வேண்டும்.

மருந்துச் சோதனையும் கணக்கு பார்ப்பவரும்

பிளேட்டின் ஓர வெல்களில் நீர் சீக்கிரம் ஆவியாகும். உப்பும் மருந்தும் அடர்ந்து, மருந்து கொல்லாத செல்லும் செத்ததுபோலக் காட்டும். வெளி வரிசைகளின் 36 வெல்களில் பிபிஎஸ் ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கும் 60-ஐப் பயன்படுத்துங்கள்.

மருந்தின் 10 மில்லிமோலார் கரைசல் டிஎம்எஸ்ஓவில் இருக்கிறது என்றால், 10 மைக்ரோமோலாருக்கு 1,000 மடங்கு நீர்ப்பு, டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். மருந்தில்லாத கட்டுப்பாட்டு வெல்லிலும் அதே 0.1 சதவீதம் இருக்க வேண்டும். படிப்படியான நீர்ப்புகளை டிஎம்எஸ்ஓவிலேயே செய்துவிட்டுப் பிறகு மீடியாவுக்கு மாற்றினால் எல்லா வெல்லிலும் அளவு ஒன்றாகும். சிஸ்பிளாட்டின் மட்டும் விதிவிலக்கு: டிஎம்எஸ்ஓ அதன் பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தின் வேலையையே கெடுக்கும். அதை 0.9 சதவீத உப்புநீரில் கரையுங்கள். எம்டிடி போன்ற சோதனைகள் அளப்பது செல்லின் வளர்சிதை வேலையை. மெதுவாக வளர்ந்த செல்லும் செத்த செல்லும் அதில் ஒரேபோலத் தெரியும். "மருந்து கொன்றது" என்று எழுதும் முன் வேறொரு சோதனையில் சாவையே அளந்து பாருங்கள்.

புள்ளியியல் நிபுணரிடம் எல்லாம் முடிந்தபின் எக்செல் கோப்போடு போவதுதான் பரவலான வழக்கம், அதுதான் பிழையும். சோதனைக்கு முன்பே போங்கள். அவர் முதலில் கேட்பது "உங்கள் n (தனித்தனிச் சோதனைகளின் எண்ணிக்கை) எத்தனை?" என்பதாக இருக்கும். ஒரே நாளில், ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து விதைத்த மூன்று வெல்கள் என்றால் n மூன்று ஆகாது, ஒன்றுதான். வேறு வேறு நாளில், வேறு வேறு பேசேஜில், புதிதாகக் கலந்த மருந்தோடு செய்த மூன்று சோதனைகள்தான் மூன்று.

மரபணுத் தரவைக் கணினியில் ஆராயும் உயிர்த்தகவலியல் ஆளுக்கும் இதே மரியாதை வேண்டும். கட்டுப்பாட்டு மாதிரிகளின் ஆர்என்ஏவை எல்லாம் திங்கட்கிழமையும் மருந்து கொடுத்தவற்றை எல்லாம் செவ்வாய்க்கிழமையும் எடுத்தால், வரும் வித்தியாசம் மருந்தாலா கிழமையாலா என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. இரு வகையையும் ஒவ்வொரு நாளும் கலந்து செய்யுங்கள்.

பொதுக் கருவிக்கூடம்

ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக ஓட்டி அவற்றின் ஒளியை அளக்கும் கருவி), கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் போன்ற விலை உயர்ந்த கருவிகள் பல்கலைக்கழகம் முழுமைக்கும் பொதுவான ஒரு கூடத்தில் இருக்கும். அங்கிருப்பவர்கள் பொத்தான் அழுத்துகிறவர்கள் இல்லை, அந்தத் துறையின் வல்லுநர்கள். நேரம் முன்பதிவு செய்யும்போதே எந்தச் செல், எத்தனை நிறங்கள், செல் உயிரோடு வருமா நிலைப்படுத்தி வருமா, வைரஸ் மூலம் மரபணு ஏற்றியதா என்று சொல்லுங்கள். கடைசி இரண்டும் அவர்களுடைய உயிர்ப்பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. செல் பிரிக்கும் கருவி நுண்துளிகளைக் கிளப்பும்.

நிறமேற்றாத மாதிரி ஒன்று, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மாதிரி ஒன்று, செத்த செல்லை அடையாளம் காட்டும் சாயம் ஆகியவை இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 40 மைக்ரான் சல்லடையில் வடித்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு கொத்து அடைத்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் நேரமும் போகும். டாக்ஸோரூபிசின் கொடுத்த செல்கள் தாமே செம்மஞ்சளாக ஒளிரும். அதே நிறத்தில் ஆன்டிபாடி வைத்திருந்தால் மருந்தின் ஒளியைப் புரதத்தின் ஒளி என்று எண்ணி மகிழ்வீர்கள். இந்த மாதிரி விஷயங்களைக் கருவிக்கூடத்தார் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள், கேட்டால்.

மருத்துவமனைப் பக்கம்

நோயாளியின் திசு வருகிற ஆய்வகத்தில் வரிசை இதுதான்: நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம், அறுவை, நோயியல் மருத்துவர், திசு வங்கி, பிறகுதான் நீங்கள். நோயியல் மருத்துவர் முதலில் நோயாளியின் சிகிச்சைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார், மிஞ்சுவதுதான் ஆய்வுக்கு. "இன்னும் கொஞ்சம் பெரிய துண்டு கிடைக்குமா?" என்று கேட்கக்கூடாத இடம் இது. துண்டில் புற்றுச் செல் எவ்வளவு, இயல்பான செல்லும் இறந்த பகுதியும் எவ்வளவு என்று அவர் சாயமேற்றிய வெட்டைப் பார்த்துச் சொல்வதை எழுதி வாங்குங்கள். அது தெரியாமல் மரபணு அளந்தால், கட்டியை அளந்தீர்களா சுற்றியிருந்த திசுவையா என்று தெரியாது.

அறுவை முடியும் நேரத்தை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு ஐஸ் பெட்டியோடு முன்பே நில்லுங்கள். ரத்த ஓட்டம் நின்ற நேரம், திசு கைக்கு வந்த நேரம், உறைய வைத்த நேரம் மூன்றையும் குறியுங்கள். ஃபார்மலினில் போடுவதென்றால் திசுவின் கன அளவுக்கு 10 மடங்காவது 10 சதவீத நடுநிலை ஃபார்மலின் வேண்டும். குறைந்தால் நடுப்பகுதி பதப்படாமல் அழுகும். குழாயின்மேல் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும், நோயாளியின் பெயர் கூடாது. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் உங்கள் கைக்கு வரவே வேண்டாம். அந்தத் துண்டுக்குப் பின்னால் ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்பது இங்கே வேலை செய்யும் ஒவ்வொருவர் கையிலும் தெரிய வேண்டும்.

விலங்குக்கூடம்

இங்கே கால்நடை மருத்துவரின் சொல்தான் கடைசி. பிஐயே சொன்னாலும் அனுமதியில் இல்லாத எதையும் செய்ய முடியாது. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று நெறிகள் இன்றும் அடிப்படை: விலங்குக்குப் பதில் வேறு வழி, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைக் குறைப்பது. எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளைப் பார்ப்பதானால் அன்று வேறு எந்தக் கூண்டறைக்கும் போவதற்கு முன் முதலில் அங்கே போங்கள். செலுத்தும் செல்களில் மைக்கோபிளாஸ்மாவும் எலி நோய்க்கிருமிகளும் இல்லை என்ற அறிக்கையை முன்கூட்டியே கேட்பார்கள்.

கட்டியை அளப்பதைச் சின்ன வேலையாக நினைக்க வேண்டாம். நீளம் பெருக்கல் அகலத்தின் வர்க்கம், அதில் பாதி என்பது வழக்கமான சூத்திரம். நீளம் 10 மிமீ, அகலம் 8 மிமீ என்றால் 320 கன மிமீ. அகலத்தை 9 என்று வாசித்தால் 405. ஒரு மில்லிமீட்டர் கைப்பிசகில் கட்டி நாலில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது! ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள் அளக்கட்டும். எந்தக் கூண்டுக்கு மருந்து, எதற்கு வெறும் கரைசல் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. கூண்டுகளைப் பிரிப்பதும் குலுக்கல் முறையில்தான் நடக்க வேண்டும். எலி கூனி உட்கார்ந்திருக்கிறது, மயிர் சிலிர்த்திருக்கிறது, எடை குறைகிறது என்று அன்றாடம் கூண்டு பார்ப்பவர் சொன்னால், உங்கள் அட்டவணையில் இன்னும் நாள் இருந்தாலும் உடனே மருத்துவரை அழையுங்கள்.

நோட்டும் பெயரும்

நோட்டில் தேதி, நோக்கம், செல்லின் பேசேஜ், ஒவ்வொரு ரசாயனத்தின் லாட் எண், மாற்றிச் செய்தது, மூலக்கோப்பின் இடம். பலிக்காத சோதனையையும் அதே முழுமையோடு எழுதுங்கள். வாராந்தரக் கூட்டத்தில் அதைக் காட்டவும் செய்யுங்கள். பக்கத்து மேசைக்காரர் அதே குழியில் விழாமல் தப்புவார்.

ஆசிரியர் பெயர் வரிசை பற்றிய பேச்சை வேலை தொடங்கும்போதே பிஐயிடம் எடுங்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறி நான்கு நிபந்தனை கேட்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. பேசிய அன்றே, என்ன முடிவானது என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். திட்டம் மாறினால் மறுபடி பேசுங்கள். உங்கள் கட்டுரைக்கு முறை வரும்போது, சோதனையை வடிவமைத்த டெக்னீஷியனும் பகுப்பாய்வைத் திருத்திய கருவிக்கூட வல்லுநரும் இந்த நான்கையும் நிறைவு செய்கிறார்களா என்று பாருங்கள். எழுதுகிற கட்டத்தில் அழைக்காமலே விட்டுவிட்டு, "எழுதவில்லையே" என்று பெயரை விடுவது முறையல்ல. வரைவை அவர்களுக்கும் அனுப்புங்கள். நிபந்தனைக்குள் வராதவர்களின் பெயரையும் என்ன செய்தார்கள் என்பதையும் நன்றிப் பகுதியில் எழுதி, எழுதியதை அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.